எல்லாருக்கும் சமதூரம்

சுகாதாரத் துறையும் நகரமைப்புத் துறையும் இனிமேல் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனுஷனுக்கு வருகிற நோயில் பாதி அவன் குடியிருக்கிற இடத்தால் வருகிறது. ஆகையால் நிலத்தை அளக்கிறவரும் நாடியைப் பிடிக்கிறவரும் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால் ஜனங்களுக்கு நல்லது என்று அதில் எழுதியிருந்தது. எங்கே உட்காருவது என்று மட்டும் எழுதவில்லை.

இரண்டு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. சுகாதாரம் முதல் மாடி, நகரமைப்பு இரண்டாம் மாடி. சுகாதார அதிகாரி மேலே ஏறினால் அவர்தான் தேடிப் போனார் என்று ஊர் சொல்லும். நகரமைப்பு அதிகாரி கீழே வந்தால் அவர் மவுசு குறைந்துவிட்டது என்று பியூன்கள் பேசிக்கொள்வார்கள். ஆகவே இருவரும் கைகோக்கும் ஆவலோடு அவரவர் அறையில் வெகுகாலம் காத்திருந்தார்கள்.

கடைசியில் நகரமைப்பு அலுவலகத்து வரைவாளர் ஒருவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மேல் நாற்காலியிலிருந்து கீழ் நாற்காலி வரை அளந்து, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார்.

"ஐயா, ரெண்டு பேருக்கும் இது சரியான நடு. ஒரு விரக்கடைகூட வித்தியாசம் இல்லை."

அந்தப் புள்ளியின் மேல் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போடப்பட்டன. அதற்கப்புறம் படியேறி வருகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகரவேண்டியிருந்தது. வருகிறவர்கள் மனு கொடுக்க வருகிறவர்கள் என்பதால் அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் கூட்டத்துக்கு ஊசியக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டே அறையில் நடந்துவந்த சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று சந்தில் யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவள், அதனால் ஊசியக்கா. மழைக்காலத்தில் அந்த ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகும். ஊசி போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு குண்டான் வைத்திருப்பாள். ஆனாலும் அந்தச் சந்தில் ஊசி தப்பிய குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. பெண்கள் அடுப்பை இறக்கிவைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த வேலைக்கு நேரத்தில் திரும்பிப் போவார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் இருந்தபடியே, "அக்கா, கூட்டமா? நான் அப்புறம் வரவா?" என்று கேட்பாள். அவளுக்குக் கல்யாணமாகி வெகு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை.

கூரைக்கு ஓடு மாற்றித் தரும்படி ஊசியக்கா மனு போட்டிருந்தாள். அந்த மனுதான் கூட்டத்தில் எடுத்துக்கொண்ட முதல் விஷயம். மூன்றாவது நாற்காலி இல்லாததால் அவள் இரண்டு படி கீழே நின்றாள்.

"ஓடு மாத்தறது பழுதுபார்க்கிற வேலை," என்றார் சுகாதார அதிகாரி. "கைகோத்துச் செய்யற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லை."

"புதுசாவே கட்டிடுவோம்," என்றார் நகரமைப்பு அதிகாரி. "ஆனா எங்கே? வடக்குப் பக்கத்துல கட்டினா தெற்குக்காரன் கத்துவான். தெற்குல கட்டினா வடக்குக்காரன் கத்துவான்."

"பாரபட்சம்கிற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது."

இருவரும் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு துறைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை உதித்தது. கூட்டுச் செயல்பாட்டின் முதல் பலன் அது.

"நாம இப்போ எங்கே உட்கார்ந்திருக்கோம்?"

"நடுவுல."

"ஏதாவது சண்டை வந்துச்சா?"

"வரலையே."

"அப்புறம் என்ன! ஆஸ்பத்திரியையும் நடுவுல வெச்சுடுவோம்."

வரைவாளர் மறுபடியும் புறப்பட்டார். ஊரில் உள்ள வீடு ஒன்று விடாமல் படத்தில் குறித்து, கூட்டிக் கழித்து, எல்லா வீட்டுக்கும் பொதுவான நடுவைக் கண்டுபிடித்துவிட்டார். பெரிய சாலைகள் எல்லாம் வந்து கூடுகிற ரவுண்டானாவில், தண்ணீர் வராத நீரூற்றுக்கு மேலே அந்தப் புள்ளி போய் விழுந்தது.

"அரசாங்க இடம்," என்று நகரமைப்பு அதிகாரி மகிழ்ந்தார். "பக்கத்து வீட்டுக்காரன் தொல்லை இருக்காது. பக்கத்து வீடே கிடையாது."

"நாலு பக்கமும் காற்று," என்று சுகாதார அதிகாரி மகிழ்ந்தார். "நோய் தொத்தறதுக்கு அக்கம்பக்கத்துல ஆளே இல்லை."

ஊசியக்கா தொண்டையைச் செருமினாள். "ஐயா, ஒரு சந்தேகம். ஜனங்க எப்படி வருவாங்க?"

"எல்லாரும் சமதூரத்துல இருக்காங்களேம்மா."

"தூரம் சரிங்கய்யா. நடுவுல ரோடு இருக்கே."

நகரமைப்பு அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் பொறுமையாகப் பேசுவார். "ரோடு நடுவுல இல்லைம்மா. ஆஸ்பத்திரிதான் நடுவுல. ரோடு அதைச் சுத்தி இருக்கு."

"அதைக் கடக்கணுமே ஐயா. கைக்குழந்தையோட."

"கடக்கறது போக்குவரத்துத் துறை. அது வேற கட்டடம். அவங்களோட கைகோக்கச் சொல்லி எங்களுக்கு இன்னும் உத்தரவு வரலை."

ராத்திரி சாப்பாட்டின்போது ஊசியக்கா இதையெல்லாம் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். காலையில் கடை கடையாக ரொட்டி இறக்கப் போகும்போது அந்த ரவுண்டானாவை எத்தனையோ தடவை சுற்றுவார். கேட்டதும் அவருக்குக் கோபம் பொங்கியது.

"நட்ட நடு ரோட்டுல ஆஸ்பத்திரியா! அப்படி யோசிச்சவன் தலையில முதல்ல கட்டுப் போடு. அங்க வண்டி ஓட்டறவனுங்க மனுஷனுங்களா? எவன் நிக்கறான்? காட்டுமிராண்டிப் பசங்க."

"நான் என்ன செய்யட்டும்?"

"விடாதே. கேட்டுக்கிட்டே இரு. கேட்டாத்தான் செய்வானுங்க," என்று சொல்லித் தட்டில் கையைக் கழுவினார்.

புது ஆஸ்பத்திரி மளமளவென்று எழும்பியது. திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகரின் கார் நிற்க இடமில்லாமல் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் சுற்றில் அவர் கும்பிட்டார். அடுத்த சுற்றில் கத்தரிக்கோலை வெளியே நீட்டினார். நீளமான ரிப்பனாக வாங்கியிருந்ததால் இரண்டு பேர் அதைச் சாலையோரம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு சுற்றில் கார் ஜன்னல் வழியாகவே வெட்டிவிட்டுப் போய்விட்டார். விழா இனிதே நிறைவுற்றது.

சந்து ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊசியக்கா புதுக் கட்டடத்தில் புது மேஜை போட்டு உட்கார்ந்தாள். கூரை ஒழுகவில்லை. ஆளும் வரவில்லை.

எதிர்க்கரையில் அவ்வப்போது தையல்காரம்மா குழந்தையோடு தென்படுவாள். ஒரு காலைச் சாலையில் வைப்பாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். காலை எடுத்துக்கொள்வாள். இந்தப் பக்கத்திலிருந்து ஊசியக்கா, குழந்தைக்குக் காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்பாள். அங்கிருந்து அவள் இல்லை என்று தலையாட்டுவாள். பிறகு இரண்டு பேரும் வண்டிகளுக்கு மேலாகக் கையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி வெகுநாள் காலியாக இருக்கவில்லை. முதலில் வந்தவர் ஒரு பெயிண்ட் கடைக்காரர். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கலாமென்று துணிந்து சாலையில் இறங்கியவரை, இடித்த மோட்டார் சைக்கிள்காரரே தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்.

"முழங்கால் வலி எப்படிங்க இருக்கு?" என்று ஊசியக்கா கேட்டாள்.

"இப்போ அது தெரியலைம்மா," என்றார் அவர். "மத்த இடமெல்லாம் வலிக்குதில்ல."

அவருக்குப் பிறகு ஒருவர், அவரைப் பார்க்க வந்த மைத்துனர் ஒருவர், மைத்துனரைத் தேடி வந்த இருவர் என்று கட்டில்கள் நிரம்பிவிட்டன. சந்தில் இருந்தபோது வந்ததைவிட நோயாளிகள் அதிகம். சுகாதார அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"அடிபடற இடத்துக்கும் கட்டுப்போடற இடத்துக்கும் இவ்வளவு குறைஞ்ச தூரம் உலகத்துல வேற எங்கேயும் கிடையாது," என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடமும் மகிழ்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாடெங்கும் நடைப் பழக்கம் ஒரு நாகரிகமாகப் பரவியது. நல்ல நகரம் என்றால் நடக்கிற நகரம் என்று கருத்தரங்குகளில் உட்கார்ந்து பேசினார்கள். நடப்பதைக் கணக்கிடும் கைக்கடிகாரம் ஒன்று அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டது. கோப்புகள் தேங்கிக் கிடந்ததால் நம் அதிகாரிகள் இருவருக்கும் நடக்க ஒழியவில்லை. இரண்டு கடிகாரத்தையும் பியூன் கையில் கட்டிவிட்டார்கள். சுகாதாரம் இடது கை, நகரமைப்பு வலது கை. அந்த மனுஷன் படியேறி இறங்கி ஓடியதில் இரண்டு அதிகாரிகளுக்கும் சிறந்த நடையாளர் சான்றிதழ் கிடைத்தது. பியூன் மயக்கம் போட்டு விழுந்து ரவுண்டானாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அதுவும் நோயாளிக் கணக்கில் சேர்ந்தது.

ஊசியக்கா விடவில்லை. மறுபடியும் படிக்கட்டுக் கூட்டத்தில் போய் நின்றாள்.

"ஐயா, குழந்தைங்களுக்கு ஊசி தள்ளிக்கிட்டே போகுது. சந்துப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கோடு போட்டு, வண்டிங்க நிக்கணும்னு ஒரு பலகை வெச்சுக் கொடுத்தாப் போதும்."

"பார்த்தோம்மா. ஆள் வெச்சே பார்த்தோம்," என்றார் நகரமைப்பு அதிகாரி. "நம்ம வரைவாளர் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்க உட்கார்ந்து எண்ணினார். ஒருத்தர்கூட அந்தச் சாலையைக் கடக்கலை. கடக்காத இடத்துல கோடு எதுக்கு?"

"கடக்க முடியலைங்கய்யா. அதனாலதான் கடக்கலை. முயற்சி பண்ணினவங்க கட்டில்ல இருக்காங்க."

"கட்டில்ல இருக்கிறவங்களைக் கடந்தவங்கன்னு எப்படிம்மா எழுதறது? பாதி வழிதானே வந்தாங்க."

சுகாதார அதிகாரிக்கு வேறொரு கவலை. "கோடு போட்டா நோயாளிங்க எண்ணிக்கை சரிஞ்சுடும். இவ்வளவு நாள் பாடுபட்டு வளர்த்த ஆஸ்பத்திரி."

ஊசியக்கா இறங்கி வந்தாள். மறுநாள் காலை ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு வரிசை வண்டிகளையும் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே டயர் கடைக்காரர் ஒருவர் ஒரு பெஞ்சும் பெரிய குடையும் கொடுத்தார்.

"இந்த ஊர்ல வண்டி ஓட்டறவனுக்கெல்லாம் கண்ணு பிடரியிலம்மா," என்றார். "டயர் தேயறதைப் பார்த்தாலே தெரியும், பிரேக்கைத் தொடறதே இல்லை."

சந்துப் பெண்களுக்குச் சேதி பறந்தது. குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். தையல்காரம்மாவின் பெண் ஊசிக்கு முன்னாலேயே அழுதது. "என் ராசாத்திக்கு வலிக்கவே இல்லையாம்," என்று ஊசியக்கா கொஞ்சினாள். பின்தங்கிய குழந்தைகளுக்கெல்லாம் அன்று ஊசி போட்டாயிற்று.

அந்த வாரமே அவளுக்கு ஓர் ஓலை வந்தது. மேற்படி செவிலியர் சமதூரக் கொள்கையை மீறி, ஊரில் ஒரு சாராருக்கு மட்டும் அருகில் சென்று ஊசி போட்டிருப்பது இரு துறைகளின் கூட்டுக் கவனத்துக்கு வந்துள்ளதாகவும், இனி அவ்வாறு யாருக்கும் அருகில் செல்லக் கூடாதென்றும் அதில் கண்டிருந்தது. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் காகிதம் அதுதான். அவள் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறாளா என்று பார்க்க, வாசலில் கைரேகை மெஷின் ஒன்றையும் பொருத்தினார்கள். காலை மணி ஒன்பதுக்குள் விரலை வைத்தால் அது "நன்றி" என்று சொல்லும். அதற்குப் பிறகு வைத்தால் அரைநாள் சம்பளம் போய்விடும்.

"வேலையை விட்டுடட்டுமா?" என்று வீட்டில் கேட்டாள்.

"விட்டுட்டா அந்தக் குழந்தைங்களுக்கு யார் இருக்கா?" என்றார் வீட்டுக்காரர். "நீ நியாயத்துக்கு நிக்கறே. நான் உன் பக்கம்."

நியாயம் வேறு வழியாக வந்தது. ரவுண்டானா ஆஸ்பத்திரியின் நோயாளிப் பெருக்கத்தைக் கேள்விப்பட்டு, இரண்டு துறைகளின் ஒற்றுமைக்குப் பரிசு கொடுக்கத் தலைநகரிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. தாய்மார்கள் குழந்தைகளோடு நடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று குழு முன்கூட்டியே கேட்டிருந்தது. நடைதானே இப்போதைய நாகரிகம். கட்டில்காரர்களை எழுப்பி நடக்கவைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அதனால் போக்குவரத்துத் துறைக்கு ஒரு போன் போனது. பேச எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் வெள்ளைக் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. வண்டிகள் நிற்க வேண்டும் என்ற பலகையும் வந்துவிட்டது.

குழு வந்த அன்று போலீஸ்காரர்கள் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், சந்துப் பெண்கள் குழந்தைகளோடு வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து வந்தார்கள். முன்னால் தையல்காரம்மா, தானே தைத்த புதுச் சட்டை போட்ட பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஊசியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, "இங்கே நடப்பவருக்கே முதலிடம்" என்று எழுதி எதிர்க்கரையில் நிறுத்தினார்கள். குழு போயிற்று. கயிறு போயிற்று. போலீஸ்காரர்கள் போனார்கள். கோடும் பலகையும் படமும் இருந்தன.

கோடு வந்துவிட்டதால் ஊசியக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கி அதன் வழியாகவே போகத் தொடங்கினாள். முதல் நாள் காலை கோட்டின் ஓரத்தில் நின்றாள். கார் ஒன்று போனது. லாரி போனது. டயர் கடைக்காரரின் ஜீப் போனது. அப்புறம் தூரத்தில் பழக்கமான ஒரு வேன் வந்தது, பக்கவாட்டில் ரொட்டிப் படத்தோடு. அவளுக்கு முகம் மலர்ந்தது. கோட்டின் மேல் காலை வைத்தாள்.

வேன் ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஒரு கை ஆசையாக ஆட்டியது. வேன் போய்விட்டது.

ராத்திரி அவள் தட்டைச் சத்தத்தோடு வைத்தாள்.

"ஏன்? உன்னைப் பார்த்து ஹாரன் அடிச்சேனே!"

"நிக்கலையே நீங்க."

"நின்னா பின்னாடி வர்றவன் இடிப்பான்."

"அவனும் நிப்பான்ல?"

"அவன் எங்கே நிக்கறான்? இந்த ஊர்ல எவன் நிக்கறான்? எல்லாரும் நின்னா நானும் நிப்பேன். நான் மட்டும் நின்னா அது பைத்தியக்காரத்தனம்." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஜனங்க திருந்தணும். கோடு மட்டும் போட்டா போதுமா?"

அவள் அன்று அவரோடு பேசவில்லை. மறுநாளும் சரியாகப் பேசவில்லை.

தையல்காரம்மாவின் பெண்ணுக்கு அடுத்த ஊசி அம்மை ஊசி. அந்த மருந்தைக் குப்பி திறந்தால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். அதனால் ஊசியக்கா முன்னதாகவே சந்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கே குழந்தையோட வந்துடுங்க. உங்களுக்காகத்தான் குப்பியைத் திறக்கறேன்."

"வந்துடறேன் அக்கா. இப்போதான் கோடு இருக்கே."

வியாழக்கிழமை காலை ஊசியக்காவுக்குப் பஸ் தவறிவிட்டது. வீட்டுக்காரர் அப்போதுதான் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பேச்சு வார்த்தை சரியாக இல்லாவிட்டாலும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நெரிசல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பது தாண்டினால் அரைநாள் சம்பளம் போய்விடும்.

ரவுண்டானா வந்தது. கோட்டின் ஓரத்தில், பெரிய படத்தின் நிழலில், தையல்காரம்மா இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். படத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள். வேனைக் கண்டதும், உள்ளே ஊசியக்காவையும் கண்டதும், அவள் முகம் மலர்ந்தது. கோட்டின் மேல் காலை வைத்தாள்.

வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, பிரேக்கைத் தொட்டார். வேன் மெதுவானது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் ஊசியக்கா. "மணி ஆகுது. பின்னாடி வர்றவங்க நிப்பாங்க, நீங்க போங்க."

"அந்தம்மா உனக்குத் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கே?"

"தெரிஞ்சவங்கதான். ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போங்க."

அவர் ஹாரன் அடித்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆசையாக ஆட்டினாள். தையல்காரம்மா காலை எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் ஒரே காரில் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நம் அதிகாரிகள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் வேன் மெதுவானதும் ஊசியக்கா இறங்கி ஓடிப்போய் மெஷினில் விரலை வைத்தாள். "நன்றி" என்றது அது. கையைக் கழுவிக்கொண்டு, மேஜையைத் துடைத்து, குப்பியைத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒன்பது கழிந்தது. பத்து கழிந்தது. கட்டில்களில் கட்டுப் போட்டவர்கள் முனகினார்கள். வெயில் ஏறியது. இனிமேல் வைத்திருக்க முடியாது என்று ஆனபோது அவள் எழுந்து மருந்தைக் கொட்டினாள்.

"பாருங்க," என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த பெயிண்ட் கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டாள். "கட்டடம் கட்டிக் கொடுத்தாச்சு, கோடு போட்டுக் கொடுத்தாச்சு. சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாத ஜனங்களுக்கு இதுக்கு மேல என்னதான் செய்யறது?"